நான் கொடுத்த ஒரே பெனால்டி

தொலைக்காட்சியில் எந்த நாட்டு வீரன் பெனால்டி பாக்ஸுக்குள் விழுந்தாலும் திருப்பூரில் எனக்குத்தான் போன் வருகிறது. உலகக் கோப்பை நடக்கும் நாட்களில் என் வீட்டில் யாரும் நிம்மதியாகச் சாப்பிட்டதில்லை. பழைய கம்பெனியின் செக்கிங் பிரிவிலிருந்து வீடியோவை அனுப்பிவிட்டு உடனே கூப்பிடுவார்கள். "சென்னியண்ணா, இவனாவே விழுந்தானுங்களா, அவன் தள்ளுனானுங்களா? நீங்க சொன்னாத்தானுங்க இங்க சண்டை தீரும்." அங்கே மைதானத்தில் ஒரு நடுவர், கோட்டோரம் இரண்டு பேர், அறைக்குள் கேமரா முன்னால் இன்னும் சிலர். அத்தனை பேரும் சேர்ந்து தீர்க்க முடியாததை, சுகர் மாத்திரை போட்டுக்கொண்டு நாற்காலியில் கிடக்கும் நான் தீர்த்துவைக்க வேண்டும்.

இப்போது கம்பெனியிலும் கேமரா வந்துவிட்டதாம். துணி ஓடும்போதே ஓட்டையைக் கண்டுபிடித்து அதுவே மெஷினை நிறுத்திவிடுகிறதாம். "அந்தக் காலத்துல வெறுங்கண்ணுல எப்படீங்கண்ணா பாத்தீங்க? ஆண்டு மலருக்கு எழுதிக் குடுங்க" என்று கேட்டிருக்கிறார்கள். கண்ணைப் பற்றி எழுத உட்கார்ந்தால் பெனால்டியைப் பற்றித்தான் எழுத வருகிறது. என் வாழ்நாளில் நான் ஒரே ஒரு பெனால்டிதான் கொடுத்திருக்கிறேன். அது தப்பு. தப்பென்று தெரிந்தே கொடுத்தேன். அதற்காகத்தான் எனக்கு இத்தனை பேர் போன் செய்கிறார்கள் என்பது வேறு விஷயம்.

பன்னிரண்டாவதில் பெயிலாகித் தாராபுரத்திலிருந்து பஸ் ஏறி வந்தவன் நான். பிசிறு வெட்டினேன், மடித்தேன், அடுக்கினேன். ஒருநாள் செக்கிங் டேபிளில் ஆள் வரவில்லை என்று என்னை நிற்கவைத்தார்கள். முப்பத்து நான்கு வருடம் அங்கேயே நின்றுவிட்டேன்.

செக்கிங் என்றால் சும்மா பார்ப்பது இல்லை. பனியனைக் கையில் எடுத்தால் முதலில் கழுத்து, அப்புறம் வலது தோள், இடது தோள், கைக்குழி, பக்கத்துத் தையல், கீழ் மடிப்பு. பிறகு உள்பக்கம் திருப்பி அதே வரிசை. கடைசியில்தான் லேபிள். வரிசை மாறினால் கண் ஏமாற்றிவிடும். அதைவிட முக்கியம், பக்கத்தில் அப்ரூவ்டு சாம்பிள் இருக்க வேண்டும். சரக்கு வாங்கும் பையர் "இப்படித்தான் வேண்டும்" என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்த ஒற்றைப் பீஸ் அது. உலகத்தில் எது சரி, எது தப்பு என்று எனக்குத் தெரியாது. அந்தப் பீஸோடு ஒத்துப்போனால் சரி, போகாவிட்டால் தப்பு. இந்த வேலையில் இருப்பவனைத் தைக்கிறவனுக்கும் பிடிக்காது, முதலாளிக்கும் பிடிக்காது. டீக்கடையில் நான் உட்கார்ந்தால் பெஞ்சில் இடம் தாராளமாக இருக்கும்.

எங்கள் ஜெனரல் மேனேஜர் பொன்னுசாமி சாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் ஒருநாளும் யாரையும் திட்டியதில்லை. கோபம் ஏற ஏற மரியாதை ஏறும். "வாங்க" என்றால் எல்லாம் நலம். "வாங்கண்ணா" என்றால் கொஞ்சம் யோசிக்க வேண்டும். "ஏனுங்கண்ணா, சிரமமில்லீன்னா கொஞ்சம் வந்துட்டுப் போறீங்களா சாமி" என்று வந்துவிட்டால் அன்றைக்கு யாருக்கோ சீட்டுக் கிழிந்தது. ரிஜெக்ட் என்ற வார்த்தையைக்கூட அவர் வாயால் சொல்ல மாட்டார். "இதைக் காதர்பேட்டைக்காரங்க பாத்துக்கட்டுமுங்க" என்பார். ஏற்றுமதிக்கு ஆகாததெல்லாம் காதர்பேட்டை மார்க்கெட்டுக்குத்தான் போகும்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். ஓய்வுபெறுவதற்குச் சில வருடங்களுக்கு முன்னால் வெளிநாட்டுப் பையர் ஒருவருக்குக் கால்பந்து ஜெர்ஸி பண்ணினோம். நாட்டின் பெயரைச் சொல்ல மாட்டேன், இன்னும் ஆர்டர் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுடைய குவாலிட்டி தலைவர் விக்டர், ஆறடி ஆள், நல்ல தொப்பை, தன் ஆபீஸ் ஆட்களோடு வந்து இறங்கினார். தைத்து முடித்த லாட் முழுவதும் பெட்டி கட்டித் தயார். திங்கட்கிழமை காலை கண்டெய்னர் வரும். அவர் கையெழுத்துப் போட்டால் ஏற்றலாம். "போடுகிறேன், அதற்கு முன் இந்த ஜெர்ஸியைப் போட்டு நிஜமாகவே விளையாடிப் பார்க்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை ஒரு மேட்ச். எங்களில் ஆறு பேர், உங்களில் ஆறு பேர்" என்றார்.

பொன்னுசாமி சார் எதையும் அரைகுறையாகச் செய்கிறவர் இல்லை. கம்பெனிக்குப் பின்னால் லாரி நிற்கும் காலியிடத்தைச் சமன் பண்ணி, "சர்வதேச நட்புக் கால்பந்துப் போட்டி" என்று பேனர் கட்டினார். இரண்டு நாட்டுக் கொடி, இரண்டு நாட்டுத் தேசிய கீதம். அயர்னிங் ஸ்டாண்டின் பைப்பை வெல்டிங் வைத்து கோல் போஸ்ட். வலைக்கு எங்கே போவது என்று ஜெர்ஸிக்கு வாங்கிய மெஷ் துணியையே தைத்துக் கட்டிவிட்டார்கள். அதன் ஓட்டையில் கொசுகூட நுழையாது. காற்றடித்தால் இரண்டு கோலும் உப்பிக்கொண்டு நின்றன.

நடுவர் யார் என்று வந்தபோது நடுநிலையான ஆள் வேண்டும் என்றார் விக்டர். தைக்கிறவனுக்கும் முதலாளிக்கும் ஒரேயளவு பிடிக்காத ஆள் கம்பெனியில் நான் ஒருவன்தான்.

"எனக்கு ஃபுட்பாலைப் பத்தி ஒண்ணும் தெரியாதுங்க" என்றேன்.

"பாத்துச் சொல்லறதுதானுங்கண்ணா. அதைத்தானுங்க தினமும் பண்டறீங்க."

"அப்பிடீன்னா பெனால்டிக்கு அப்ரூவ்டு சாம்பிள் வேணுமுங்க."

நான் கிண்டலுக்குச் சொல்லவில்லை. அவரும் கிண்டலாக எடுக்கவில்லை. பையர்களோடு பேசும் மெர்ச்சண்டைசர் கவிதாவைக் கூப்பிட்டு விக்டரின் தலைமை ஆபீஸுக்கு மெயில் போடச் சொன்னார். மறுநாள் பதில் வந்தது: "சர்வதேசத் தரத்தின்படி." சரி, சர்வதேசத் தரத்தைப் பார்த்துவிடுவோம் என்று மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கான்பரன்ஸ் ஹாலில் தினமும் எனக்குச் சர்வதேச மேட்சுகளில் தகராறான பெனால்டிகளைப் போட்டுக் காட்டினார்கள்.

நான் நோட்டுப் போட்டுப் பார்த்தேன். தோளில் கை பட்டதும் முழங்காலைப் பிடித்துக்கொண்டு உருண்டவன் ஒருவன். எதிராளி இன்னும் இரண்டடி தள்ளி இருக்கும்போதே விழுந்து, விழுந்த பிறகு அவன் வந்து சேரக் காத்திருந்தவன் ஒருவன். இன்னொருவன் உருண்டுகொண்டே ஒரு கண்ணைத் திறந்து நடுவர் பார்க்கிறாரா என்று பார்த்துவிட்டு மறுபடி உருண்டான். நாட்டுக்காக ஆடுகிற, கோடி கோடியாய் சம்பாதிக்கிற ஆட்கள்! எங்கள் பேக்கிங் பிரிவில் லீவு கேட்பவர்கள்கூட இவ்வளவு கூச்சமில்லாமல் வயிற்றைப் பிடித்ததில்லை. எனக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது. ஆனால் ஒன்று கவனித்தேன். நிஜமாகவே இழுக்கப்பட்டு விழுகிறவன் கையைக் கீழே ஊன்றப் பார்க்கிறான். நடிக்கிறவன் இரண்டு கையையும் வானத்துக்குத் தூக்கி, நெஞ்சை முன்னால் தள்ளிவிட்டுத்தான் விழுகிறான். அதை அடிக்கோடிட்டு வைத்தேன்.

எங்கள் அணியில் கொங்குக்காரன் ஒருவன்கூட இல்லை. எல்லாரும் வடக்கிலிருந்து வந்த தொழிலாளர்கள். தடுப்பாட்டத்துக்குச் சுக்ரா. ஜார்க்கண்டில் ஏதோ மலைக் கிராமத்திலிருந்து வந்தவன். ஓவர்லாக் தையல் மெஷினில் அவன் கை வைத்தால் நான் உள்பக்கம் திருப்ப வேண்டியதே இல்லை, இருந்தாலும் திருப்புவேன். பத்து வருடம் இங்கே இருந்து எங்களைவிட மரியாதையாகப் பேசுவான், கோபம் வந்தால் மட்டும் இந்தி வரும். கம்பெனி குவார்ட்டர்ஸில் மனைவி, மகள். மகள் இங்கேதான் இரண்டாம் வகுப்பு. அந்த ஜெர்ஸி லாட்டில் அத்தனை பக்கத் தையலும் அவன் லைனில் அவனே ஓட்டியது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மேட்சுக்கு முன்னால் பொன்னுசாமி சார் என்னிடம் வந்தார். "நியாயமாப் பண்ணுங்கண்ணா. ஆனா விக்டர் சார் மனசு சந்தோசமாப் போகோணும். நியாயத்துக்குள்ளயே அவரு சந்தோசப்படற மாதிரி பண்ணிப்போடுங்க சாமி." சாமி என்ற வார்த்தை வந்ததும் எனக்கு வியர்த்துவிட்டது.

கீதங்கள் ஒலித்தன. மேட்ச் ஆரம்பித்தது. கோல் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டாவது பாதியில் விக்டர் பந்தை உருட்டிக்கொண்டு எங்கள் பெனால்டி பாக்ஸுக்குள் வந்தார். சுக்ரா பக்கவாட்டில் ஓடிவந்தான். அவன் நெருங்குவதற்குள் விக்டர் இரண்டு கையையும் மேலே தூக்கி, நெஞ்சைத் தள்ளி, ஒரு சத்தத்தோடு விழுந்தார். அந்தச் சத்தத்துக்கு நடுவே டர்ரென்று இன்னொரு சத்தம் கேட்டது.

துணி கிழிகிற சத்தம். முப்பது வருடப் பழக்கம், அது காதில் விழுந்தால் என் கால் தானாக அங்கே போய்விடும். விசிலும் ஊதவில்லை, ஒன்றும் ஊதவில்லை. நேராக ஓடிப்போய் விக்டரின் கக்கத்தில் கையை விட்டுத் தையலைப் பார்த்தேன். எங்கள் கோல்கீப்பர், அயர்ன் போடுகிறவன், உருண்டு வந்த பந்தை எடுத்துப் போட்டு அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டான்.

விக்டர் ஆங்கிலத்தில் ஏகமாகக் கத்தினார். கவிதா மொழிபெயர்த்தாள். "அவரு என்ன சொல்றாருன்னாங்கண்ணா, ஒண்ணு சுக்ரா பனியனைப் புடிச்சு இழுத்தாருங்களாம், அப்படீன்னா பெனால்டி குடுக்கணுங்களாம். இல்லீன்னா இவரு இழுக்கலீங்களாம், அப்படீன்னா தையல் தானா விட்டுப்போச்சுங்களாம், லாட் முச்சூடும் ரிஜெக்டுங்களாம்." அவர் சொன்ன கெட்ட வார்த்தைகளுக்கும் அவள் ஒரு 'ங்க' போட்டிருப்பாள் என்று நினைக்கிறேன்.

இழுத்ததாகச் சொன்னதும் சுக்ராவைத்தான், தைத்ததும் சுக்ராதான். இழுத்தான் என்றால் பெனால்டியோடு போகும். இழுக்கவில்லை என்றால் கண்டெய்னர் காலியாகத் திரும்பும், லாட் காதர்பேட்டைக்குப் போகும், அவன் அன்று சாயங்காலமே குவார்ட்டர்ஸைக் காலி பண்ண வேண்டும். இதெல்லாம் புரிந்தும் அந்தப் பாவி சொன்னான்: "அண்ணா, நான் தொடவே இல்லீங்க. என்ற தையலும் உடாதுங்க." பிறகு விக்டரைப் பார்த்து, "மைனே நஹீ கீஞ்சா!" என்று, தான் இழுக்கவில்லை என்பதை இந்தியில் கத்தினான்.

நான் விக்டரின் பனியனைக் கழற்றச் சொன்னேன். வரிசைப்படி பார்த்தேன். கழுத்து சரி, தோள் சரி. கக்கத்துக்குக் கீழே நாலு விரல் நீளத்துக்குக் கிழிசல். உள்பக்கம் திருப்பினேன். தையல் நூல் ஒரு இழைகூட அறுபடவில்லை. தையலை ஒட்டினாற்போல் துணிதான் கிழிந்திருந்தது. பின்னாலிருந்து பிடித்து இழுத்திருந்தால் முதுகுப்பக்கம் இழுவை தெரிய வேண்டும், அங்கே ஒரு சுருக்கம்கூட இல்லை. கடைசியில் லேபிளைப் பார்த்தேன். டபுள் எக்ஸ்எல் போட வேண்டிய மனுஷன், மீடியம் போட்டிருந்தார்.

எல்லாம் விளங்கிவிட்டது. இளமையாகத் தெரிய வேண்டும் என்று மீடியத்துக்குள் தன்னைத் திணித்துக்கொண்டவர், நடிப்பதற்காகக் கையை வானத்துக்குத் தூக்கியிருக்கிறார். துணி என்ன செய்யும்? நான் வாயைத் திறக்கப் போனேன். பொன்னுசாமி சார் கோட்டைத் தாண்டி வந்து என் பக்கத்தில் குனிந்து லேபிளைப் பார்த்தார்.

"ஏனுங்கண்ணா, இதைப் போயி இத்தனை பேத்துக்கு முன்னால சொல்லோணுங்களா சாமி? அவரு மனசு நொந்து போயிருமுங்க. அப்புறம் நம்ம எல்லாத்து மனசும் நொந்து போயிருமுங்க."

பயந்துவிட்டேன். இத்தனை வருடத்தில் ஒரு பீஸைக்கூட பயந்து பாஸ் பண்ணாதவன், அன்று பயந்தேன். ஆனாலும் சுக்ராவின் தையலை விட்டுக்கொடுக்க மனசு வரவில்லை. அதனால் ரொம்பப் புத்திசாலித்தனமாக ஒன்று செய்தேன். தையல் இழுத்துப் பார்க்கும் மெஷின் பரிசோதனைக் கூடத்தில் இருக்கிறது, ஆனால் ஞாயிற்றுக்கிழமை, பூட்டிவிட்டார்கள், ஆகவே இங்கேயே டெஸ்ட் பண்ணலாம் என்றேன். பெட்டியைப் பிரித்து ஒரு டபுள் எக்ஸ்எல் வரவழைத்தோம். "வேறு பெட்டி, வேறு பீஸ்" என்று மட்டும் கவிதா சொன்னாள். சைஸைச் சொல்லவில்லை. விக்டர் போட்டுக்கொண்டார், தொப்பை உள்ளே போய்விட்டதில் முகம்கூடத் தெளிந்தது.

"சுக்ரா, பின்னால நின்னு பனியனைப் புடிச்சு இழு."

"வேண்டாமுங்கண்ணா. நான் எதுக்குங்க அவரை இழுக்கோணும்?"

"நான் சொல்றன், இழு. உன்ற தையலை நீயே காட்டு."

அவன் விக்டருக்குப் பின்னால் போய் நின்றான். பிறகு இரண்டு கையாலும் பிடித்து இழுத்தான். விக்டர் கால் மண்ணில் கோடு கிழிக்கப் பின்னாலேயே போனார், நாலடி போய் மல்லாந்து விழுந்தார். தையல் அசையவில்லை. துணியும் அசையவில்லை. எல்லாரும் கைதட்டினார்கள். விக்டரே படுத்தபடி கக்கத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, "குட் சீம்! பாஸ்!" என்றார். பொன்னுசாமி சார் பேனாவோடு ஓடினார். கையெழுத்து ஆயிற்று.

அப்புறம் விக்டர் எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டு என்னிடம் ஏதோ கேட்டார். கவிதா தயங்கித் தயங்கிச் சொன்னாள். "நீங்க விசில் ஊதுனீங்களான்னு கேக்கறாருங்கண்ணா."

ஊதவில்லை. விழுந்தபோதும் ஊதவில்லை, அதற்குப் பிறகும் ஊதவில்லை. விசில் ஊதாவிட்டால் ஆட்டம் நிற்கவில்லை என்று அர்த்தமாம். பந்து எங்கள் கோல்கீப்பரின் அடியில் உயிரோடுதான் இருந்ததாம். அப்படியானால் ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போது, பெனால்டி பாக்ஸுக்குள், நூறு பேர் பார்க்க, சுக்ரா அவரைப் பனியனைப் பிடித்து இழுத்துத் தள்ளியிருக்கிறான்.

நான் பொன்னுசாமி சாரைப் பார்த்தேன். அவர் இரண்டு கையையும் கூப்பி, பல் தெரியச் சிரித்துக்கொண்டு நின்றார். அவ்வளவு மரியாதையை நான் அவர் முகத்தில் பார்த்ததே இல்லை. விசிலை எடுத்து ஊதினேன். பெனால்டி ஸ்பாட்டைக் காட்டினேன்.

அத்தோடு விடவில்லை. சிவப்பு அட்டை காட்ட வேண்டும் என்றார் விக்டர். அட்டை வாங்க பர்ச்சேஸ் பிரிவு மறந்திருந்தது. என் பாக்கெட்டில் செக்கிங் ஸ்டிக்கர்தான் இருந்தது. பீஸில் குறை இருக்கும் இடத்தைக் காட்ட ஒட்டுகிற சிவப்பு அம்புக்குறி. அதில் ஒன்றை உரித்துச் சுக்ராவின் நெஞ்சில் ஒட்டினேன்.

"நீங்கதானுங்கண்ணா இழுக்கச் சொன்னீங்க" என்றான், மெதுவாக. நடந்து வெளியே போனான்.

விக்டர் பெனால்டி அடித்தார். அவர் உதைப்பதற்கு முன்பே எங்கள் கோல்கீப்பர் எதிர்ப்பக்கம் போய் விழுந்து கிடந்தான். அன்று அந்த மைதானத்தில் விழுந்தவர்களில் அவன் நடிப்புதான் அப்பட்டம்.

திங்கட்கிழமை கண்டெய்னர் போயிற்று. எல்லாருக்கும் மைசூர்பா கொடுத்தார்கள். சுக்ரா வேலைக்கு வந்தான், மேட்சில் போட்டிருந்த அதே ஜெர்ஸியோடு, நெஞ்சில் அந்த ஸ்டிக்கரோடு. கிண்டலுக்கு என்று நினைத்தேன். செவ்வாய்க்கிழமையும் அப்படியே வந்தான். புதன்கிழமை பனியன் துவைத்திருந்தது, ஸ்டிக்கர் ஓரம் சுருண்டிருந்தது, செலோடேப் போட்டு மறுபடி ஒட்டியிருந்தான். லைனில் யாரும் சிரிக்கவில்லை. என்னையும் யாரும் பார்க்கவில்லை.

மத்தியானம் அவன் மெஷினுக்குப் போனேன். "அதை எடுத்துப்போடு சுக்ரா" என்றேன்.

"தையல்காரன் எடுக்கக் கூடாதுங்கண்ணா. நீங்க போட்ட ரூல்தானுங்க. ஒட்டுன செக்கர்தான் மறுபடி பாத்து, குறை என்னன்னு சொல்லிப்போட்டு எடுக்கோணும்." நூலைக் கோத்துக்கொண்டே சொன்னான். பிறகு நிமிர்ந்தான். "என்ற புள்ள கேட்டுதுங்க, அப்பா மேல என்ன டேமேஜுன்னு."

அவனை எழுந்து நிற்கச் சொன்னேன். நாற்பது மெஷினும் ஒவ்வொன்றாக நின்றன. நான் முறைப்படி பார்த்தேன். கழுத்து, வலது தோள், இடது தோள். திரும்பி நிற்கச் சொல்லி முதுகுப் பக்கமும் பார்த்தேன். பிறகு எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னேன்: "குறை ஒண்ணுமில்ல. இவன் இழுக்கல. அந்தாளு நடிச்சாரு, எனக்குத் தெரியும். இழுக்கச் சொன்னது நான், பெனால்டி குடுத்ததும் நான். ஒட்டுனது தப்பு."

ஸ்டிக்கரை உரித்தேன். ரீசெக் ரிப்போர்ட்டில் குறைக்குக் காரணம் என்று ஒரு கட்டம் உண்டு. தையல், துணி, சாயம் என்றெல்லாம் எழுதுவோம். அதில் 'செக்கர்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

"பாஸுங்களாண்ணா?" என்றான் சுக்ரா.

"பாஸ்."

"நீங்க?"

கையில் இருந்த ஸ்டிக்கரை என் சட்டைப் பாக்கெட்டுக்கு மேலே ஒட்டிக்கொண்டு, "நீயே பாத்துச் சொல்லு" என்றேன்.

ஷிப்ட் முடிந்ததும் என் டேபிளுக்கு வந்தான். எதிரே நின்று கழுத்திலிருந்து ஆரம்பித்து, வரிசை தப்பாமல், அவசரப்படாமல் என்னைப் பார்த்தான். திரும்பி நிற்கச் சொன்னான், நின்றேன்.

"நாளைக்கு இன்னொருக்கா பாக்கோணுமுங்கண்ணா" என்று சொல்லிவிட்டு, டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு போனான். நான் ஸ்டிக்கரோடு பஸ் ஏறினேன்.